ஜன்னல் கம்பியில் மஞ்சள் முடிச்சுகள்

யோகா வகுப்பில் எங்களைக் கண்ணை மூடி உட்கார வைத்துவிட்டு சிஸ்டர் ஒரு நாள் சொன்னாள்: "உங்களுக்கு ரொம்ப வருத்தம் தந்த ஒரு ஆள மனசுக்குள்ள கொண்டு வாங்க. அவங்க நல்லாட்டு இருக்கணும்னு மூணு தடவை சொல்லுங்க."

சுற்றிலும் இருந்தவர்கள் மூச்சை இழுத்து யார் யாரையோ கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை. நான் கண்ணை மூடினால் போதும், அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கழுத்தில் காசுமாலையோடு வந்து நின்றுவிடுவாள். அவள் நல்லாயிருக்கட்டும் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவள் கண் முன்னால் என்றைக்காவது நான் என்ன செய்து காட்டப்போகிறேன் என்பதைத்தான் மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்.

தியானம் கோபத்தைக் குறைக்கும் என்கிறார்கள். குறைந்தவர்கள் இருக்கலாம். எனக்கோ அதுவரை சிதறிக் கிடந்த கோபம் தியானம் பழகிய பிறகுதான் ஒருமுகப்பட்டது. பேருந்தில், சமையலறையில், பள்ளிக்கூடத்தில் அங்கங்கே கொட்டி வீணாக்கிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் சேர்த்துவைக்கப் பழகினேன். சிஸ்டருக்கு இது தெரியாது. நான் நல்ல மாணவி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பின் மூட்டுகளைத் தின்பது, வேலியே பயிரை மேய்கிற கதை. முப்பத்திமூன்று வயதில் ஒரு காலையில் குழாயைத் திருகப் போனேன், விரல்கள் திருகவில்லை. பத்து மணிக்கு மேல் சரியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. நான் கணக்கு டீச்சர். கரும்பலகையில் முதல் இரண்டு பீரியடும் எழுத முடியாமல், சாக்பீஸில் துணி சுற்றித் தடியாக்கி, கைப்பிடிக்குள் குத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன். பிள்ளைகள் என் எட்டையும் மூன்றையும் பிரித்தறியக் கஷ்டப்பட்டார்கள்.

அப்பா இறந்ததற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எதற்கும் அத்தை சொல்வதுதான் தீர்ப்பு. பூதப்பாண்டியில் அவள் வீடு, இரண்டு தெரு தள்ளி அம்மா வீடு, அதற்கடுத்த தெருவில் நாங்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசியப் போட்டே ஆள முடக்கிருவான்" என்று அத்தை சொன்னாள். எண்ணெய்க்கும் தடவலுக்கும் எங்கள் ஜில்லாவில் குறைச்சலா? வர்ம வைத்தியம் பார்க்கிற ஒரு ஆசான் தடவினார், சரியாகவில்லை என்றதும் இன்னொரு ஆசான் தடவினார். தடவத் தடவ வீக்கம் கூடியது. நான் அழுதால் அத்தை, "கெட்ட வாயு வெளியே போவுகு, பொறுத்துக்கோ" என்பாள். வெளியே போகிறவன் எந்த வழியாகப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது மாதம் இப்படியே போனது.

கடைசியில் என் வீட்டுக்காரர், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அத்தையை எதிர்த்து, என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாலேயே வந்திருந்தா இந்த ரெண்டு விரலையும் நேராட்டு வச்சிருக்கலாம்" என்றார். வலது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. இன்றும் அப்படியே இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு நாள் விழுங்கும் மஞ்சள் மாத்திரை மற்ற விரல்களைக் காப்பாற்றித் தந்தது.

இதையாவது மன்னித்திருப்பேன். அறியாமல் சொன்னாள், போகட்டும். மன்னிக்க முடியாதது என் பெரிய தம்பியின் கல்யாணத்தில் நடந்தது.

எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். அடுத்த இரண்டு முடிச்சையும் அவனுடைய சகோதரி, மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். அக்காவாகப் பிறந்ததற்கு ஊரறியக் கிடைக்கிற மரியாதை அது ஒன்றுதான். நான் பட்டுச்சேலை கட்டி, விரல் கோணல் கண்ணில் படாமலிருக்க மோதிரம் போடாமல், பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை விட்டான். நான் கையை நீட்டினேன். பக்கத்திலிருந்து அத்தையின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஏட்டி, தள்ளி நில்லு. தீனக்காரி கை தாலியில படப்படாது."

எங்கள் பக்கத்தில் நோய்க்குத் தீனம் என்று சொல்வார்கள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள் என்று அம்மா பிறகு சமாதானம் சொன்னாள். மேளத்தை மீறி எனக்குக் கேட்டதென்றால் பெண் வீட்டாருக்குக் கேட்டிருக்காதா? சித்தப்பாவின் மகளை, பத்தொன்பது வயதுப் பெண்ணை, அத்தை முன்னால் இழுத்து விட்டாள். அந்தப் பிள்ளைக்கு முடிச்சு போடத் தெரியவில்லை. பள்ளிக்கூட ஷூவுக்குக் கட்டுவது போல ஒரு பூ முடிச்சு போட்டாள்.

கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில், உடம்பு தெரியாமல், பட்டுச்சேலைக் கரையோடு ஒரு கை மட்டும் நீண்டிருக்கிறது. விரல்கள் சாய்ந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. பெரிய தம்பி பெங்களூருக்குப் போனபோது ஆல்பத்தை அம்மா வீட்டில் விட்டுப் போனான். நான் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பேன்.

எனக்கு இன்னொரு தம்பி இருந்தான், துபாயில். கல்யாணமாகாதவன். அவன் கல்யாணத்தில் நான்தான் முடிச்சு போடுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மாத்திரையோடு லேசான யோகாப் பயிற்சியும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு வகுப்பில் சேர்ந்தேன். மன அமைதிக்காக வந்தேன் என்று சேர்க்கைத் தாளில் எழுதினேன். பொய்.

வகுப்பு வாசகசாலையின் மாடியில். சிஸ்டர் என்று நாங்கள் கூப்பிடுகிறவள் இரணியல்காரி, என்னைவிட ஒரு வயது இளையவள், மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்துவிட்டுத் திரும்பியவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் நிற்பாள், மற்ற நாட்களில் எங்களை மடக்குவாள். அவள் சபையில் யாரோ யோகா நமக்கு ஆகாது என்று சொன்னபோது, "முட்டு மடக்குகதுக்கு என்ன மதம்?" என்று கேட்டுவிட்டு வந்தவள். முதல் நாளே எங்களுக்கு ஒரு எச்சரிக்கை தந்தாள்: "யோகா செய்யுகோம்னு மாத்திரைய நிறுத்தினவங்க நாளைக்கு இங்க வரண்டாம்."

முட்டியிலும் வலி இருந்ததால் என்னை நாற்காலியில்தான் உட்காரவைத்தாள். வெந்நீரில் விரல்களை முக்கி, மூச்சை இழுக்கும்போது விரிக்க வேண்டும், விடும்போது மடக்க வேண்டும். மடங்கும் அளவுக்குத்தான், அதற்கு மேல் வலுக்கட்டாயம் கூடாது. பிறகு படுத்துக்கொண்டு கால் நகத்திலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வோர் இடமாகக் கவனிக்க வேண்டும். "வலி வந்தா விரட்டாதீங்க டீச்சரே. அது எங்க இருக்கு, எப்பிடி இருக்குன்னு பாருங்க. மூச்சு வருகு, போவுகு. நீங்க பாத்துக்கிட்டு இருந்தா போதும்."

பார்த்தேன். கோபக்காரி என்பதற்காக உண்மையை மறைக்க மாட்டேன், அது உதவியது. அதுவரை வலி என்றால் எனக்கு ஒரே பாறாங்கல். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, அது சில நேரம் சுடுகிறது, சில நேரம் துடிக்கிறது, நடுவில் கொஞ்சம் விட்டும் தருகிறது. விட்டுத் தருகிற அந்த நேரத்தில் ஒரு தோசை சுட்டுவிடலாம், பத்து நோட்டு திருத்திவிடலாம். காலையில் எழுந்ததும் "இன்றைக்கும் இப்படியா" என்று அழுவதை நிறுத்தினேன். இன்றைக்கு எப்படி என்று பார்க்கத் தொடங்கினேன். நோயோடு ஒரே வீட்டில் இருக்கப் பழகிவிட்டேன். அத்தையோடு ஒரே தாலுகாவில் இருக்கத்தான் பழகவில்லை.

பயிற்சி முடிந்ததும் வீட்டில் என்னுடைய சொந்தப் பயிற்சி ஒன்று நடக்கும். தாலிச்சரடு புதிதாக இருக்கும்போது தடித்து, மஞ்சள் ஈரத்தோடு வழுக்கும். சாதாரண நூலில் பழகினால் அந்த நேரத்தில் கைவிட்டுவிடும். ஆகையால் பருத்தி நூலைத் திரித்து, மஞ்சள் அரைத்துப் பூசி, முன் அறை ஜன்னல் கம்பியைப் பெண்ணின் கழுத்தாக நினைத்துக்கொண்டு முடிச்சு போடுவேன். கோணல் விரல்களை நம்பாமல் கட்டைவிரலையும் மோதிர விரலையும் வைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மூச்சை இழுத்துக் கயிற்றை நுழைக்க வேண்டும், விட்டு இறுக்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு முறை, "தீனக்காரி கை, பாத்துக்கோ" என்பேன். போட்ட முடிச்சை அவிழ்க்க விரல் வராது. அதனால் அப்படியே விட்டுவிடுவேன். சில மாதங்களில் ஜன்னல் கம்பிகள் கோயில் அரசமரம் போல ஆகிவிட்டன.

அம்மா அதைப் பார்த்து நான் உடம்பு சரியாக நேர்ச்சை போட்டிருக்கிறேன் என்று நினைத்தாள். "எந்த சாமிக்கு மக்கா?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. அதனால் இன்னும் சக்தியுள்ள சாமியாக இருக்கும் என்று முடிவு செய்து, வருகிற வழியில் ஜன்னலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் தன் மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று சொல்லி அவளும் ஒரு நூல் கட்டிவிட்டுப் போனாள். வரன் அமைந்தது. என் வீட்டுக்காரர், "உண்டியல் ஒண்ணு வச்சிரலாமா?" என்று கேட்டார்.

அத்தை ஒரு நாள் ஏதோ அழைப்பிதழ் கொடுக்க வந்தாள். முந்தானைக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே நின்றாள்.

"இது என்னட்டி?"

"ஒரு காரியமாட்டு கட்டுகேன் அத்தே."

"யாருக்கு?"

அந்த நேரத்தில் என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. அல்லது நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நமக்கு வேண்டப்பட்ட ஒருத்தருக்குத்தான்" என்று சொல்லி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவள் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

சின்னத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. போனில், "அக்கா, நீதான் முடிச்சு போடணும்" என்றான். அவன் சொன்னால் போதுமா? ஜோசியர் ஆவணி மாதத்தில் ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் குறித்துத் தந்தார். ஒன்று காலை ஆறிலிருந்து ஏழரை, மற்றது பத்தரைக்கு மேல். அத்தை விடியற்காலை முகூர்த்தத்தைப் பிடித்துக்கொண்டாள். "வெயிலுக்கு முன்னால முடிச்சிரலாம்" என்றாள். முடக்குவாதக்காரர்களுக்குக் காலைதான் எமன். எழுந்து இரண்டு மணி நேரத்துக்கு என் கை என் கை இல்லை. அத்தைக்கு அது தெரியும், ஒன்பது மாதம் கூடவே இருந்து பார்த்தவள் அல்லவா? வேண்டுமென்றேதான் செய்தாள் என்று நான் அன்று நூறு சதவீதம் நம்பினேன்.

கல்யாணத்தன்று நான் மூன்றரை மணிக்கே எழுந்து மண்டபத்து அறையில் வெந்நீர் வாங்கிவைத்து விரல்களை முக்கினேன். ஐந்து மணிக்கு முஷ்டி பாதிதான் மடங்கியது. பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு விரல் இன்னும் இறுகும், அதையும் இத்தனை நாளில் கவனித்து வைத்திருந்தேன். சேலை கட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மூச்சு வருகிறது, போகிறது. வெளியே சமையல்காரர்கள் பிரதமன் பாயசத்துக்குத் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தபோது கட்டைவிரலும் மோதிர விரலும் ஒன்றையொன்று தொட்டன. எனக்கு அது போதும்.

மேளம் தொடங்குவதற்கு முன்னாலேயே போய்ப் பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அத்தை சித்தப்பா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். வீடியோக்காரருக்கும் கேட்கிற மாதிரி, மிகுந்த மரியாதையோடு, "அத்தே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பெண்ணுக்குப் பின்னல் கனமாட்டு இருக்கு. கொஞ்சம் தூக்கிப் பிடியுங்க" என்றேன். தோவாளைப் பிச்சிப்பூவை முழ முழமாகச் சுற்றிய பின்னல். கேமரா விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. பூதப்பாண்டியையே அதிகாரம் செய்தவள் என் பக்கத்தில் ஒரு வேலைக்காரியைப் போல முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பி முதல் முடிச்சைப் போட்டான். கயிறு என் கைக்கு வந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள்? நான் அவசரப்படவில்லை. சிஸ்டர் சொல்லித் தந்த எல்லாவற்றையும் அங்கே செய்தேன். மூச்சை இழுத்து நுழைத்தேன், விட்டு இறுக்கினேன். தவில்காரர் வேர்க்க வேர்க்க அடித்தார். அட்சதை விழுந்து தீர்ந்து, இன்னும் முடியவில்லையா என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அடுத்த முடிச்சையும் அதே நிதானத்தில் தொடங்கினேன்.

பாதியில் பின்னல் நழுவி என் கைமேல் விழுந்தது. "சரியாட்டு பிடியுங்க அத்தே" என்று சொல்லித் திரும்பினேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல் அடி மூட்டுகள் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்திருந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. பின்னலைச் சுற்றி அவள் விரல்கள் மூடவே இல்லை, உள்ளங்கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் நேராகத்தான் இருந்தன, வீக்கம் மட்டும்தான். எனக்கு அந்த வீக்கத்தைத் தெரியாதா? முதல் ஒன்பது மாதம் என் கையில் இருந்தது அதுதான்.

இரக்கம் வந்தது என்று எழுதலாம், படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. எனக்குள் பால் பொங்குகிற மாதிரி ஒரு சந்தோஷம் பொங்கியது. முடிச்சை இறுக்கினேன். அன்றைக்குப் பிரதமன் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

புரட்டாசியில் அம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். அத்தைக்கு யாரோ செய்வினைக் கட்டு போட்டிருக்கிறார்களாம். மேற்கே ஒரு மந்திரவாதியிடம் போகிறாளாம். அவன் வந்து அவள் வீட்டு நடைக்குக் கீழே தோண்டி, ஒரு முட்டையும் தகடும் எடுத்துக் காட்டியிருக்கிறான்.

"யாரு கட்டினதாம்?" என்று கேட்டேன்.

"அது சொல்ல மாட்டேங்கா. நூலு, ஜன்னலு, முடிச்சுன்னு என்னமோ சொல்லுகா. கேட்டா அழுகா."

அம்மா போன பிறகு அடுக்களையில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். நான் முடிச்சு போடப் போட அவள் விரல் கட்டுப்பட்டது என்று நம்புகிறாள்! நான் தவமிருந்து கேட்டிருந்தாலும் இப்படி ஒரு வரம் கிடைத்திருக்காது. அது செய்வினை இல்லை, முடக்குவாதம், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாம், நாகர்கோவிலில் இன்ன டாக்டர் என்று சொல்ல ஒரு போன் போதும். அத்தையின் வீட்டுக்கு நடந்து போனாலும் பத்து நிமிடம்தான். நான் போகவில்லை. அவளே என் வாசலுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு ஒன்பது மாதம் தந்தவள் தானும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

ஐப்பசி மழையில் வகுப்புக்கு நானும் சிஸ்டரும் மட்டும் வந்திருந்த ஒரு நாள், யாரோ தெரிந்தவர் கதை போல இதைச் சொன்னேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"வீக்கம் தொடங்கின உடனே மருந்து தொடங்கணும். விட்டா மூட்டு தேஞ்சு போவும், பொறகு திரும்பாது. உங்களுக்கு இது தெரியும்லா டீச்சரே?"

"தெரியும்."

"அப்போ அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்" என்றேன். அவள் மீதிப் பாயையும் சுருட்டி மூலையில் சாத்தி வைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து கண்ணை மூடினால் அத்தையின் முகம் வரவில்லை. பின்னலைத் தாங்கிய கைதான் வந்தது. விரட்டக் கூடாது, பார்க்க வேண்டும் என்பது பாடம். பார்த்தேன். இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அம்மா வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் திறப்பேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திரும்பி வருவேன்.

கார்த்திகையில் அத்தை வந்தாள். காலை நேரம், தூறல். வீட்டுக்குள் வராமல் வெளியே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். காசுமாலை இல்லை. நான் உள்ளே, அவள் வெளியே, நடுவில் கம்பியும் முடிச்சுகளும்.

"மக்கா, அண்ணைக்கு மணவறையில வச்சு நான் சொன்னதுக்குத்தானே நீ இதக் கட்டினே?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதுவே எனக்குப் பாதி வெற்றி.

"சொன்னது தப்புதான். உனக்க அத்தையாக்கும் நான். அவுத்து விட்டுரு மக்கா. பேரனத் தூக்க முடியல்ல. ஒரு சேலை கட்ட முடியல்ல, மருமவளக் கூப்பிட வேண்டியிருக்கு."

ஒரு வாக்கியத்தை நான் வருடக்கணக்காகச் செதுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு முடிச்சிலும் சொல்லிப் பழகியது. இப்போது அதைக் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன்.

"தீனக்காரி கை நூலுல படலாமா அத்தே?"

அவள் முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கம்பிக்கு நடுவே நீட்டினாள். மோதிரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது, நகை செய்கிற தட்டார் அதை வெட்டி எடுத்திருக்கிறார். வலது கையில் இரண்டு விரல்கள் சாய்ந்திருந்தன. ஆவணியில் நான் பார்த்தபோது அவை நேராக இருந்தன.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். முடிச்சை அவிழ்க்க என் விரலுக்கு வராது, அறுக்கத்தான் முடியும். "அத்தே, இது கட்டு இல்ல. எனக்கு வந்த அதே தீனம்தான் உங்களுக்கும். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் நகரவில்லை. கண் முழுக்க ஜன்னலில் இருந்தது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு கம்பியாக முடிச்சுகளை அறுத்துப் போட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணின் நூலும் சேர்ந்து போனது. அத்தை குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இப்போது நிமிரும் இப்போது நிமிரும் என்று.

"இன்னும் ஒண்ணு இருக்கா மக்கா?"

"இல்ல அத்தே. எல்லாம் அறுத்தாச்சு."

அவள் நம்பவில்லை. நனைந்த கையால் கம்பிகளை மேலிருந்து கீழ்வரை தடவித் தேடினாள்.

அன்றைக்கே நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே டாக்டர், அதே வெளிச்சப் பெட்டி. எக்ஸ்ரேயை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை மாசமா வீங்கியிருக்கு? வீட்டுல யாருமே பாக்கலியாம்மா?"

அத்தை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "முந்தானைக்குள்ளயே வச்சிருந்தேன் டாக்டரே. யாரும் பாக்கல்ல" என்றாள்.

நான் அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆமாம் டாக்டர், யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன்.